கரும்பு விளையும் ஊரில் சர்க்கரைப் பஞ்சம்

கல்வராயன் மலையடிவாரத்தில், கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று உள்ளது. சுற்றிலும் கரும்பு வயல்கள். அத்தகைய ஊரிலும், பட்டியில் நிற்கும் சினையாடு உடலில் சர்க்கரை இல்லாமல் மடியக்கூடும். விந்தையாக இல்லையா, மாணவர்களே?

செம்மறியாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். பிறக்கும் குட்டியின் எடையில் சுமார் 70 விழுக்காடு கடைசி ஆறு வாரங்களில்தான் கூடுகிறது. குட்டிக்கு முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். இரட்டைக் குட்டிகள் இருந்தால் தாயின் ஆற்றல் தேவை ஏறக்குறைய இரு மடங்காகும். ஆனால் வளரும் கருப்பை இரைப்பையை நெருக்குவதால், அது உண்ணும் அளவு குறைகிறது. புல்லும் காய்ந்துவிட்டால் வரவு குறைவு, செலவு மிகுதி!

ஆற்றலைப் புதிதாக ஆக்க இயலாது என்று இயற்பியலில் படிக்கிறோம் அல்லவா? எனவே தாய் தன் உடற்கொழுப்பை எரிக்கிறது. கொழுப்பு முற்றாக எரியக் கல்லீரலில் வேறொரு பொருளும் வேண்டும். அதுவோ குளுக்கோஸ் தயாரிக்கவே செலவாகிவிடுகிறது. ஆகவே, காற்றுப் போதாத அடுப்பு புகைவதுபோல், அரைகுறையாக எரிந்த கீட்டோன்கள் இரத்தத்தில் சேர்கின்றன. இதுவே ‘இரட்டைக் குட்டி நோய்’.

மேச்சேரி ஆடு பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே ஈனும். ஆயினும் கடும் பட்டினி அதற்கும் ஆபத்தே. இரட்டைக் குட்டி ஈனும் வெள்ளாடுகளையும் இந்நோய் தாக்கும்.

நோயுற்ற ஆடு மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கும், தீவனத்தைத் தொடாது, பல்லை நெறிக்கும், கண் தெரியாததுபோல் தடுமாறும், பின் படுத்துவிடும். கவனிக்காவிட்டால் சில நாட்களில் இறந்துவிடும். சுண்ணாம்புச் சத்துக் குறைவும் இவ்வாறே தோன்றுவதால், கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். சிறுநீரில் கீட்டோன் உள்ளதா என்பதைச் சோதனைத் தாளின் நிறமாற்றம் காட்டிவிடும்.

வெல்லம் கரைத்து ஊற்றினால் போதாதா? போதாது. அதன் பெரும்பகுதியை இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களே நொதிக்கச் செய்துவிடும்! அதனால்தான் மருத்துவர் குளுக்கோஸை இரத்தக்குழாய் வழியே செலுத்துகிறார். கல்லீரலில் குளுக்கோஸாக மாறும் புரோப்பிலீன் கிளைக்காலை வாய்வழி கொடுக்கிறார்.

வருமுன் காப்பதே எளிது. கடைசி ஆறு வாரங்களில் நல்ல தழையுடன், அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நாள்தோறும் சுமார் 200 கிராம் கொடுக்கலாம். கொழுத்த ஆடாயினும் அப்போது பட்டினி போடலாகாது. உங்கள் வீட்டில் சினையாடு உண்டா? அது சினையான நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்த ஒரு குறிப்பு தாயையும் குட்டியையும் காக்கும்.