ஸ்ரீநாத் ரவிச்சந்திரன்

ஸ்ரீநாத் ரவிச்சந்திரன் இந்திய விண்வெளிப் பொறியாளரும் தொழில்முனைவோரும் ஆவார். சென்னையிலுள்ள அக்னிகுல் காஸ்மோஸ் என்னும் ஏவூர்தி நிறுவனத்தின் இணை நிறுவனரும் தலைமைச் செயல் அலுவலரும் இவரே.

கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியலும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிதிப் பொறியியலும் பயின்ற இவர், அமெரிக்க நிதித்துறையில் பணியாற்றினார். பின்னர் இலினொய் பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

2017-இல் மொயினுடனும் சென்னை ஐஐடி பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தியுடனும் இணைந்து நிறுவனத்தைத் தொடங்கினார். சிறிய செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் பெரிய செயற்கைக்கோள்களுடன் சேர்த்தே அனுப்பப்படுகின்றன. புறப்படும் நாளும் சுற்றுப்பாதையும் பெரிய கோளின் தேவைப்படியே அமையும். சிறிய கோள்களுக்கெனத் தனி ஏவூர்தி உருவாக்குவதே இந்நிறுவனத்தின் நோக்கம்.

விண்வெளித் துறை 2020-இல் தனியாருக்குத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் செய்த ஒப்பந்தத்தால் இஸ்ரோவின் சோதனை வசதிகள் அக்னிகுல்லுக்குக் கிடைத்தன. 2022 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவில் அதன் சொந்த ஏவுதளம் திறக்கப்பட்டது.

இதன் ‘அக்னிலெட்’ எந்திரம் மண்ணெண்ணெய் வகை எரிபொருளாலும் திரவ ஆக்சிஜனாலும் இயங்குகிறது. இது முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக அச்சிடப்படுவதால், பாகங்களைப் பற்றவைக்கும் வேலையும் இணைப்புகளில் கசியும் வாய்ப்பும் குறைகின்றன.

இந்த எந்திரம் பொருத்திய சோதனை ஏவூர்தியின் பயணம் நான்கு முறை நிறுத்தப்பட்டது. அவற்றுள் ஒன்று கடைசி நொடிகளில். 2024 மே 30 அன்று அது வெற்றிகரமாகப் பறந்தது. சுற்றுப்பாதையை எட்டும் நோக்கமற்ற சோதனையே எனினும், அரைக்கடுங்குளிர் எந்திரத்துடன் இந்தியாவிலிருந்து பறந்த முதல் ஏவூர்தி இதுவே.