கல்லூரிக் கட்டணம் செலுத்த என்னென்ன வழிகள்? கடன் வாங்கும் முன் மாணவர்கள் அறிய வேண்டியவை

மைசூரு: ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தமக்கு உரிய வட்டி மானியத்தைக் கேட்டுப் பெறத் தவறினால், 4 லட்சம் ரூபாய் கல்விக் கடனுக்கு அவர் கூடுதலாகச் செலுத்த நேரிடும் தொகை ஏறத்தாழ 2.2 லட்சம் ரூபாய். அந்த மானியத்துக்கு அடிப்படையாக அமைவது வருவாய்த் துறை வழங்கும் ஒரே ஒரு வருமானச் சான்றிதழ்.

மைசூரு பல்கலைக்கழகம், ஜேஎஸ்எஸ் கல்வி நிறுவனங்கள், தேசியப் பொறியியல் நிறுவனம், மைசூரு மருத்துவக் கல்லூரி, அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் எனப் பல உயர்கல்வி மையங்கள் உள்ள இந்நகருக்கு, அண்டை மாவட்டங்களிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் மாணவர்கள் வந்து படிக்கின்றனர். இடம் கிடைத்தவுடன் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் நாடுவது வங்கியையோ நகைக் கடனையோதான். உண்மையில் கடன் என்பது கடைசி வழி. அதற்கு முன், திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத கட்டண விலக்கும் உதவித்தொகையும் உள்ளன. எந்த வரிசையில் விண்ணப்பிப்பது, எதற்கு யார் தகுதியுடையவர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நினைவில் கொள்ள வேண்டிய மூன்று வருமான வரம்புகள்

உதவித் திட்டங்கள் பல இருந்தாலும், அவற்றுள் முக்கியமானவை குடும்ப ஆண்டு வருமானத்தின் மூன்று வரம்புகளுக்குள் அடங்குகின்றன. அவை 2.5 லட்சம், 4.5 லட்சம், 8 லட்சம் ரூபாய்.

2.5 லட்சம் ரூபாய் வரை: பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகை இந்த வரம்புக்குள் வருகிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான திட்டத்தின் செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் ஏற்கின்றன. திரும்பப் பெற இயலாத கட்டாயக் கட்டணங்களுடன், கல்விப் படியாக ஆண்டுக்கு 2,500 ரூபாய் முதல் 13,500 ரூபாய் வரை வழங்கப்படுகிறது. தொழிற்கல்விப் பட்டப்படிப்பில் விடுதியில் தங்கிப் படிப்பவருக்கே உச்ச அளவான 13,500 ரூபாய் கிடைக்கும்.

4.5 லட்சம் ரூபாய் வரை: மத்திய அரசின் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான உதவித்தொகையும், கல்விக் கடனுக்கான முழு வட்டி மானியமும் இந்த வரம்பில் உள்ளன. இவ்விரண்டுக்கும் சாதி அடிப்படை இல்லை. இதை அறியாமலேயே பல நடுத்தரக் குடும்பங்கள் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகின்றன.

8 லட்சம் ரூபாய் வரை: பொறியியல் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டண விலக்கு இடங்கள், மாணவிகளுக்கான பிரகதி உதவித்தொகை, பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தின் 3 சதவீத வட்டி மானியம் ஆகியவை இந்த வரம்பில் வருகின்றன.

முதல் படி: கட்டண விலக்கு

கர்நாடகத்தில் பொறியியல் போன்ற தொழிற்கல்விக்கான அரசு ஒதுக்கீட்டு இடங்களைக் கர்நாடகத் தேர்வு ஆணையம் நிரப்புகிறது. தனியார் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீடு, காமெட்-கே, நிர்வாக ஒதுக்கீடு என மூன்று வழிகளில் சேர்க்கை நடைபெறுகிறது. ஒரே வகுப்பறையில் அருகருகே அமரும் மூன்று மாணவர்கள் மூன்று வெவ்வேறு கட்டணங்களைச் செலுத்தியிருக்கக்கூடும்.

இவை தவிர நான்காவது வழி ஒன்றும் உண்டு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் விதிப்படி, ஒவ்வொரு பாடப்பிரிவிலும் அனுமதிக்கப்பட்ட இடங்களில் 5 சதவீதம் வரை கூடுதல் இடங்கள் கற்பிப்புக் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. கர்நாடகத்தில் இது எஸ்என்கியூ ஒதுக்கீடு என அறியப்படுகிறது. கற்பிப்புக் கட்டணம் மட்டுமே விலக்கப்படும். பல்கலைக்கழகக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவற்றைச் செலுத்த வேண்டும். இவ்விடத்தில் சேர்ந்தவர் இடையில் கல்லூரியையோ பாடப்பிரிவையோ மாற்ற இயலாது. இந்த ஒதுக்கீட்டைக் கலந்தாய்வுக்கான விண்ணப்பத்திலேயே கோர வேண்டும் என்பதால், வருமானச் சான்றிதழ் அதற்கு முன்பே கையில் இருப்பது அவசியம்.

நிர்வாக ஒதுக்கீட்டில் சேர முடிவெடுப்போர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அரசின் கட்டண உதவிகளும் வட்டிச் சலுகைகளும் பெரும்பாலும் தகுதி அடிப்படையிலான சேர்க்கைக்கே பொருந்தும். நன்கொடை, கூடுதல் கட்டணம் ஆகியவற்றுடன் இந்த உதவிகளின் இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அந்த இடத்தின் உண்மையான விலை தெரியவரும்.

இரண்டாம் படி: உதவித்தொகை

உதவித்தொகைக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. மத்திய அரசின் திட்டங்களுக்குத் தேசிய உதவித்தொகை இணையதளம். கர்நாடக அரசின் திட்டங்களுக்கு எஸ்எஸ்பி எனப்படும் மாநில உதவித்தொகை இணையதளம்.

பிளஸ் 2 தேர்வில் தங்கள் வாரியத்தில் 80ஆவது விழுக்காட்டு நிலைக்கு மேல், அதாவது தேர்ச்சி பெற்றோரில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்கள், மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுதோறும் 82,000 புதிய மாணவர்களுக்கு இது வழங்கப்படுகிறது; அதில் பாதி மாணவிகளுக்கு உரியது. இளநிலைப் படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாயும், முதுநிலையில் 20,000 ரூபாயும் கிடைக்கும். அடுத்த ஆண்டு புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப் பதிவும் தேவை.

தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் வழங்கும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் பட்டயம் அல்லது பட்டப்படிப்பில் சேரும் மாணவிகளுக்கு உரிய இத்திட்டத்தில், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பயன்பெறலாம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சக்ஷம், பெற்றோரை இழந்தவர்களுக்கு ஸ்வநாத் ஆகிய திட்டங்களிலும் இதே தொகை வழங்கப்படுகிறது.

மைசூருவில் பீடி சுற்றும் தொழிலில் ஈடுபட்டுள்ள குடும்பங்கள் கணிசமாக உள்ளன. பீடி, சுரங்கம், திரைப்படத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தனி உதவித்தொகை வழங்குகிறது. பள்ளி வகுப்புக்கு 1,000 ரூபாயில் தொடங்கி, தொழிற்கல்விக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை செல்லும் இத்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

கர்நாடக அரசின் திட்டங்களில் வித்யாசிரி குறிப்பிடத்தக்கது. அரசு விடுதியில் இடம் கிடைக்காத மாணவர்களின் உணவு, தங்குமிடச் செலவுக்காக உருவாக்கப்பட்ட இத்திட்டம், தொடக்கத்தில் மாதம் 1,500 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 10 மாதங்களுக்கு உதவி வழங்கியது. விவசாயிகளின் பிள்ளைகளுக்காக 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட ரைத்த வித்யாநிதி திட்டத்தில், படிப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 2,500 ரூபாய் முதல் 11,000 ரூபாய் வரை நிர்ணயிக்கப்பட்டது. மாநிலத் திட்டங்களின் தொகையும் நிபந்தனைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால், நடப்பு ஆண்டின் அறிவிக்கையைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

பொதுவாக, ஒரு மாணவர் ஒரே நேரத்தில் இரண்டு அரசு உதவித்தொகைகளைப் பெற இயலாது. எனவே, தகுதியுள்ள திட்டங்களுள் எது அதிகத் தொகை தருகிறது, எது படிப்பு முடியும் வரை நீடிக்கிறது என்று ஒப்பிட்ட பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: கல்விக் கடன்

மேற்கண்ட இரண்டு படிகளுக்குப் பிறகும் எஞ்சும் தொகைக்கு மட்டுமே கடன் பெறுவது நல்லது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை. 4 லட்சம் ரூபாய் வரை குடும்பத்தின் பங்குத் தொகையும் கேட்கப்படுவதில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓர் ஆண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. அதன் பின் 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம்.

தவணை இல்லாத காலத்தில் வட்டியும் இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. தனிவட்டி முதல் நாளிலிருந்தே சேர்ந்துகொண்டிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 1 லட்சம் ரூபாய் வீதம், 10 சதவீத வட்டியில் ஒருவர் கடன் பெறுகிறார். ஐந்தாம் ஆண்டின் முடிவில் வட்டி மட்டும் 1.4 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கும். 5.4 லட்சம் ரூபாயைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 7,136 ரூபாய். மொத்தம் சுமார் 8.56 லட்சம் ரூபாய். அதே மாணவருக்கு முழு வட்டி மானியம் கிடைத்தால், 4 லட்சம் ரூபாய்க்கு மட்டுமே தவணை கணக்கிடப்படும். மாதம் சுமார் 5,286 ரூபாய். மொத்தம் சுமார் 6.34 லட்சம் ரூபாய். தொடக்கத்தில் குறிப்பிட்ட 2.2 லட்சம் ரூபாய் வேறுபாடு இதுவே.

2009ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள இந்த வட்டி மானியம், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளில் சேர்ந்த, குடும்ப வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத மாணவர்களுக்கு உரியது. வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே பெறலாம். இடையில் படிப்பைக் கைவிட்டால் மானியம் நின்றுவிடும். கடன் விண்ணப்பத்துடன் வருமானச் சான்றிதழை இணைத்து, மானியத்துக்கும் விண்ணப்பிப்பதாகத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 6ஆம் தேதி ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், தேசியத் தரவரிசை அடிப்படையில் தேர்வு செய்யப்பட்ட 860 உயர்கல்வி நிறுவனங்களுடன் தொடங்கியது. இவற்றில் சேரும் மாணவர்கள் பிணையும் உத்தரவாதமும் இன்றிக் கடன் பெறலாம். 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகளுக்கு 75 சதவீத உத்தரவாதத்தை மத்திய அரசு அளிக்கிறது. வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களைச் சேர்ந்த மாணவர்களுக்கு, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதபட்சத்தில், 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குத் தவணை விலக்குக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் கிடைக்கும். ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு மட்டுமே இம்மானியம் உண்டு. பட்டியல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால், சேரவுள்ள கல்லூரியின் பெயர் அதில் உள்ளதா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே உறுதி செய்துகொள்வது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து வருவோருக்கு

கர்நாடக அரசின் திட்டங்கள் அம்மாநிலத்தில் நிரந்தரமாக வசிப்போருக்கு உரியவை. தமிழ்நாட்டின் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, அங்கு ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்வோருக்கானது. மைசூருவில் சேர்ந்தால் அது பொருந்தாது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகையை, எந்த மாநிலத்தில் படித்தாலும், சொந்த மாநிலமே வழங்க வேண்டும்.

மத்திய அரசின் உதவித்தொகைக்கும் கல்விக் கடனுக்கும் மாநில எல்லை தடையில்லை. மாணவரின் வீடு தங்கள் கிளையின் சேவைப் பகுதிக்கு வெளியே உள்ளது என்ற காரணத்தைக் காட்டிக் கல்விக் கடன் விண்ணப்பத்தை வங்கிகள் நிராகரிக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. விண்ணப்பம் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெற வேண்டும். வங்கியின் உயரதிகாரிகளிடம் முறையிட்டும் தீர்வு கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

தவறுகள் நேரும் இடங்கள்

தகுதி இருந்தும் பணம் வந்து சேராமல் போவதற்குப் பெரும்பாலும் ஆவணக் குறைகளே காரணமாகின்றன. ஆதார் அட்டை, மதிப்பெண் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றிலும் மாணவரின் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக மாறியிருந்தால்கூடச் சிக்கல் எழும்.

வங்கிக் கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருந்தால் மட்டும் போதாது. நேரடிப் பயன் பரிமாற்றத்துக்கான என்பிசிஐ இணைப்பிலும் அக்கணக்கு இடம்பெற வேண்டும். இரண்டு கணக்குகள் இருந்தால், கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கே பணம் செல்லும். மாணவர் அதை அறியாமல் மற்றொரு கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கர்நாடகத்தில் சாதி, வருமானச் சான்றிதழ்களை நாட கச்சேரி எனப்படும் வருவாய்த் துறை அலுவலகம் வழங்குகிறது. அதிலுள்ள ஆர்.டி. எண்ணை எஸ்எஸ்பி விண்ணப்பத்தில் பிழையின்றி உள்ளிட வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கல்லூரி அளவிலான சரிபார்ப்பு நிறைவடைந்ததா என்பதையும் மாணவரே தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

உதவித்தொகை பெரும்பாலும் கட்டணம் செலுத்திய பல மாதங்களுக்குப் பிறகே வந்து சேர்கிறது. இந்த இடைவெளியில் அதிக வட்டிக்குக் கைமாற்று வாங்கும் நிலையைத் தவிர்க்க, கட்டணத்தைத் தவணைகளாகச் செலுத்த அனுமதி உண்டா எனக் கல்லூரி நிர்வாகத்திடம் சேர்க்கையின்போதே எழுத்து மூலம் கேட்கலாம். பட்டியல் சாதி மாணவர்கள், முன்பணமின்றிச் சேர வழிசெய்யும் ஃப்ரீஷிப் அட்டை குறித்துத் தங்கள் மாநில சமூக நலத் துறையிடம் விசாரிக்கலாம்.

அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை. தொகையை விடுவிப்பதாகக் கூறித் தொலைபேசியில் ஓடிபி எண்ணையோ முன்பணத்தையோ கேட்போரை நம்ப வேண்டாம்.

மொத்தத்தில், மாணவர்கள் பின்பற்ற வேண்டிய வரிசை எளிது: தேர்வு முடிவுக்கு முன் வருமானச் சான்றிதழ், கலந்தாய்வின்போது கட்டண விலக்கு, சேர்ந்தவுடன் உதவித்தொகை, எஞ்சிய தொகைக்கு வட்டி மானியத்துடன் கூடிய கடன். இந்த வரிசை மாறினால், பின்னர் தகுதி இருந்தாலும் சில உதவிகளைப் பெற முடியாமல் போகும்.