கல்லில் நின்ற கடைசி உணவு

உயிர்ச்சுவடு என்றதும் எலும்பு, ஓடு, இலை முதலியவற்றின் பதிவுகளே நம் மனத்தில் தோன்றும். உடல் இருந்தமைக்குச் சான்று பகரும் கற்கள் பல. உயிர் செய்த செயலைக் காட்டுங் கற்களோ மிகச் சில. ஒரு மீன் மற்றொன்றை உண்ணுந் தறுவாயிற் கல்லாகிய சுவடுகள் அச் சிலவற்றைச் சேர்ந்தவை.

இவை அரியனவாதற்குக் காரணம் உண்டு. விழுங்கிய இரையை இரைப்பைச் சாறு கரைத்துவிடும். இறந்த உடலைப் பிற பிராணிகள் சிதைத்துவிடும். உண்ட மீன் உடனே இறத்தலும், அமைதியான நீரடியில் மென்சேறு அதனை மூடுதலும் ஒருங்கே நிகழ்ந்தாலன்றி இத்தகைய சுவடு எஞ்சுதல் அரிது.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் முற்காலத்திற் கடலாயிருந்தது. அங்குள்ள சுண்ணப் படையிலிருந்து 1952ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஸ்ரேண்பேக் என்பார், சிபாக்ரினஸ் என்னும் பெருமீனொன்றை அகழ்ந்தெடுத்தார். அதன் நீளம் ஏறக்குறைய 4 மீற்றர். அதன் விலாவென்புகளுக்கிடையே, ஏறக்குறைய 2 மீற்றர் நீளமான கில்லிக்கஸ் என்னும் மீன் முழுதாகக் கிடக்கின்றது. இரையின் எலும்புகள் கரையாதிருத்தலால், விழுங்கிய மீன் அதன்பின் நெடுநேரம் வாழவில்லை என்பது தெளிவு. உள்ளே துடித்த இரை உறுப்பொன்றைக் கிழித்திருக்கலாம் என்பர். அது உய்த்துணர்வேயன்றிக் கல் கூறுவதன்று.

வயோமிங் மாநிலத்தில், 5 கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஏரிப் படைகளில், டிப்ளோமிஸ்ரஸ் என்னும் மீன் நைற்றியா என்னும் சிறுமீனை வாயிற் கவ்வியவாறே காணப்படுகின்றது. நைற்றியா நம் கடற்சூடைக்கு உறவினம். தலைமுதலாக நுழைந்த இரை தொண்டையிற் சிக்கின், பின்னோக்கிய செட்டைகள் தடுத்தலால் அதனை உமிழ்தலும் அரிது.

ஜேர்மனியின் சொல்ன்கோபன் பகுதிக் கற்கள் 15 கோடி ஆண்டுப் பழைமையுடையன. அங்கே தார்சிஸ் என்னும் மீன்கள் சிலவற்றின் வாயிலும் செவுளிலும், கணவாய்க்கு உறவான பெலெம்னைற்றின் கூரிய உள்ளோடு செருகி நிற்கின்றது. அம்மீன் அதனை வேட்டையாடிற்று என நாம் எளிதிற் கூறிவிடுவோம். ஆனால் தார்சிஸ் மிகச் சிறிய இரைகளை உறிஞ்சி உண்பது. மிதந்த பழைய ஓட்டில் ஒட்டி வளர்ந்தவற்றை உறிஞ்சும்போது ஓடு உட்புகுந்து மூச்சை அடைத்தது என்பதே 2025இல் வெளிவந்த ஆய்வின் முடிபு.

இலக்கியங் கற்போர் மூலம் வேறு, உரை வேறு எனப் பிரித்தறிவர். கல்லைக் கற்போர்க்கும் அதுவே நெறி. ஒன்றன் வாயில் மற்றொன்று இருத்தல் மூலம். அஃது இரையா, இடையூறா என்பது உரை. அவ்வுரைக்குச் சான்று தேடுதலே அறிவியல் என்பதை நம் மாணவர் மனங்கொள்வாராக.