"குழந்தை பெத்தவதானே, இதுக்கா மயங்குறே?" - கர்ப்பப்பைப் பரிசோதனையில் வலியும் மயக்கமும்... சமாளிப்பது எப்படி?

நைட் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் வந்து ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கினார் என் பெரியம்மா மகள். சிப்காட்டில் வேலை. வீட்டுக்குப் போய் சாப்பிட்டு வந்தால் டோக்கன் தள்ளிப்போய்விடும் என்று, வழியில் ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு நேராக மருத்துவமனைக்கு வந்துவிட்டார். காப்பர்-டி போட்டுக்கொள்ள வேண்டும். துணைக்கு நான்.

உள்ளே போன பத்தாவது நிமிடம் நர்ஸ் வெளியே வந்து, "கூட வந்தது யாரும்மா?" என்றார். ஓடினேன். அக்காவின் முகம் வெளுத்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. "கண்ணு இருட்டுது... காதுல ஙொய்ங்குனு சத்தம்" என்றார். "எந்திரிச்சு உக்காரு, சோடா குடி, சரியாயிடும்" என்று ஒருவர் தூக்கி உட்காரவைத்தார். உட்கார்ந்த வேகத்தில் மறுபடி சாய்ந்துவிட்டார்.

அப்போது விழுந்த வார்த்தைதான் தலைப்பில் இருப்பது. சொன்னவருக்கு அது சாதாரணப் பேச்சு. அக்காவுக்கு அப்படியில்லை. இரண்டு வருடம் கழித்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனைக்கு வரச் சொல்லி சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வந்தபோது, "அந்தக் கட்டில்ல இன்னொரு தடவை படுக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று வந்த மயக்கம் சில நிமிடங்களில் தெளிந்துவிட்டது. ஆனால், அந்த பயம் ஒரு முக்கியமான பரிசோதனையையே தள்ளிப்போட வைத்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

இந்த மயக்கத்துக்கு மருத்துவத்தில் 'வேசோவேகல்' என்று பெயர். மூளையில் இருந்து நெஞ்சு, வயிறு வரை இறங்கும் வேகஸ் என்ற நரம்பு, இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் வேலையைச் செய்கிறது. கர்ப்பப்பையின் வாயைக் கருவியால் பிடிக்கும்போதோ, அதன் வழியே எதையாவது செலுத்தும்போதோ இந்த நரம்பு தூண்டப்படலாம். இதயத் துடிப்பு குறையும், ரத்தக்குழாய்கள் தளரும், ரத்த அழுத்தம் சட்டென இறங்கும். மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடிகள் குறைவதால் மயக்கம் வருகிறது.

பயமும் வலியும்கூட இதே நரம்பைத் தூண்டும். ஊசியைப் பார்த்தாலே சிலர் மயங்கி விழுவது இதனால்தான். இதில் தைரியசாலி, பயந்தாங்கொள்ளி என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் விருப்பத்தைக் கேட்டு நடக்கும் விஷயமும் இல்லை.

வெறும் வயிறு, தூக்கமில்லாத இரவு, உடலில் நீர் குறைவு... இந்த மூன்றும் மயக்கத்தை எளிதாக்கும். ஷிஃப்ட் முடிந்து நேராக வருகிற பெண்ணுக்கு மூன்றுமே இருக்கும். பிரேக்கில் பாத்ரூம் போக நேரம் கிடைக்காது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்களை நமக்கெல்லாம் தெரியும்தானே?

எந்தப் பரிசோதனையில் எவ்வளவு வலி?

எல்லாவற்றிலும் ஒரே வலி இருக்காது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக அரசு மையங்களில் செய்யப்படும் வி.ஐ.ஏ. பரிசோதனை எளிமையானது. ஸ்பெகுலம் என்ற கருவியால் பிறப்புறுப்பை லேசாக விரித்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து வெள்ளைத் திட்டுகள் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். லேசான எரிச்சலும் அழுத்தமும் இருக்கலாம். முடிவு அப்போதே தெரிந்துவிடும்.

காப்பர்-டி போடுவது, கர்ப்பப்பை உள்சுவரில் இருந்து திசு எடுப்பது, கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் ஹெச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே போன்றவற்றில் கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. அதனால் மாதவிடாய் வலிபோல ஆரம்பித்து, சிலருக்குச் சுரீரென்ற கடும் வலிவரை போகலாம். மயக்கமும் இவற்றில்தான் அதிகம் வருகிறது.

"பிரசவமே பார்த்தாச்சு, இது என்ன?" என்ற வாதமும் எல்லோருக்கும் பொருந்தாது. 2019-21ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன். சிசேரியன் மட்டுமே ஆனவர்களில் பலருக்குக் கர்ப்பப்பை வாய் பிரசவத்தில் முழுமையாகத் திறந்திருக்காது. மாதவிடாய் நின்றவர்களுக்கு வறட்சியால் ஸ்பெகுலம் வைப்பதே வலிக்கலாம்.

வலிக்கு மருந்து கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். மருத்துவர்கள் மதிப்பிடும் வலி, பெண்கள் தாங்களே சொல்லும் வலியைவிடக் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இங்கிலாந்தில் 2021ல் பி.பி.சி. தொகுப்பாளர் நாகா முன்செட்டி, கருத்தடைச் சாதனம் பொருத்தியபோது தனக்கு ஏற்பட்ட வலியை வானொலியில் வெளிப்படையாகப் பேசினார். அங்கே அது பெரிய விவாதமானது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சாதனம் பொருத்தும் முன் வலியைப் பற்றிப் பெண்ணிடம் பேச வேண்டும் என்றும், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் மருந்து உதவலாம் என்றும் சொன்னது. ஊசியாகவோ, மேலே தடவும் மருந்தாகவோ இதைத் தரலாம்.

எல்லா மையத்திலும் இந்த வசதி இருக்காது. ஆனால், "வலிக்கு என்ன தருவீங்க டாக்டர்?" என்ற கேள்வியை எங்கேயும் கேட்கலாம். கடையில் வாங்கிய வலி மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகள் ஆகாது.

போவதற்கு முன்...

* சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இரண்டு இட்லியாவது இறங்கட்டும். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். ஆனால், மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சை என்றால் வெறும் வயிறு கட்டாயம். எது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

* முடிந்தால் நைட் ஷிஃப்ட்டுக்கு மறுநாள் காலையில் அப்பாயின்ட்மென்ட் வேண்டாம். வார விடுமுறை நாளைக் கேளுங்கள்.

* முன்பு ஊசிக்கோ ரத்தப் பரிசோதனைக்கோ மயங்கியிருந்தால், முதல் வரியிலேயே அதைச் சொல்லுங்கள். பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் சொல்ல வேண்டும்.

* அந்த இடத்தைத் தொட்டாலே உடல் இறுகிக்கொள்கிறது, பழைய கசப்பான அனுபவம் இருக்கிறது என்றால், காரணத்தை விவரிக்க வேண்டியதில்லை. "எனக்கு ரொம்ப பயம், மெதுவா பண்ணுங்க" என்று சொன்னாலே போதும். சிறிய அளவு ஸ்பெகுலம் கேட்கலாம். திருமணமாகாத பெண்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கட்டிலில் இருக்கும்போது...

வாய் வழியாக மெதுவாக, நீளமாக மூச்சை விடுங்கள். இடுப்பையும் தொடையையும் இறுக்கினால் வலி கூடும். தலை லேசாவதுபோல இருந்தால் உள்ளங்கைகளை மட்டும் இறுக மூடுங்கள். கைத்தசைகள் இறுகும்போது ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறும்.

குமட்டல், குளிர்ந்த வியர்வை, கொட்டாவி, பார்வை மங்குவது... இவை மயக்கத்துக்கு முன்னால் வரும் அறிகுறிகள். வந்ததும் உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டு முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் மொழி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்த எல்லை இது. ஆனேக்கல், பெங்களூரு பக்கம் சிகிச்சைக்குப் போகிறவர்களும் உண்டு. ஹாஸ்டல்களில் வடமாநிலப் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். இங்கே 'வலி' என்பது, கன்னடத்தில் 'நோவு', தெலுங்கில் 'நொப்பி', இந்தியில் 'தர்த்'. வலிக்கும் நேரத்தில் வார்த்தை தேட முடியாது. அதனால், "நான் கையைத் தூக்கினா நிறுத்திடுங்க" என்று ஆரம்பிக்கும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தச் சொல்வது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் உருவாக்கிய நோயாளிகள் உரிமை சாசனம், சிகிச்சைக்கு முன் விளக்கம் பெறவும், ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கவும் உரிமை உண்டு என்கிறது.

மயங்கிவிட்டால்... கூட இருப்பவர்களுக்கு!

அக்காவுக்கு நடந்த தவறு இங்கேதான். மயங்கியவரைத் தூக்கி உட்காரவைக்கக் கூடாது. மல்லாந்து படுக்கவைத்து, கால்களை உயர்த்திப் பிடியுங்கள். ரத்தம் மூளைக்குத் திரும்பி, பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் நினைவு வந்துவிடும். வாந்தி வந்தால் ஒரு பக்கமாகத் திருப்புங்கள். முழுதாகத் தெளியும்வரை வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். மயக்கத்தில் கை கால் சில நொடிகள் வெட்டி இழுக்கலாம். வலிப்பு என்று பயந்து கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள், போதும்.

தெளிந்த பிறகு பத்து, பதினைந்து நிமிடம் படுத்திருந்து, அடுத்து உட்கார்ந்து, பிறகுதான் எழ வேண்டும். உப்புப் போட்ட மோர், பிஸ்கட் நல்லது. அன்றைக்கு ஸ்கூட்டி ஓட்ட வேண்டாம். யாரையாவது வந்து அழைத்துப்போகச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு தாங்க முடியாத வயிற்று வலி, காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், அதிக ரத்தப்போக்கு, திரும்பத் திரும்ப மயக்கம் வந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனை. அவசரம் என்றால் 108.

ஏன் தவிர்க்கக் கூடாது?

2022ஆம் ஆண்டுக்கான சர்வதேசப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஒரே ஆண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்திருக்கிறது. சுமார் 80,000 பேர் இறந்திருக்கிறார்கள்.

இதைத் தடுக்க முடியும் என்பதற்கான சான்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற நர்ஸ்களே 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு வி.ஐ.ஏ. பரிசோதனை செய்தார்கள். பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்தப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவிகிதம் குறைந்தன. 2007ல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

ஆனாலும், அதே குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவிகிதம்தான். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். மருத்துவம் வாசல்வரை வந்தும் நாம் கதவைச் சாத்தினால் எப்படி?

இதையெல்லாம் அக்காவிடம் பேசிப் பேசித்தான் போன மாதம் சம்மதிக்க வைத்தேன். லீவு நாள். சாப்பிட்டுவிட்டுப் போனோம். உட்கார்ந்ததும், "நான் போன தடவை மயங்கிட்டேன் சிஸ்டர்" என்றார் அக்கா. "சொன்னது நல்லதாப் போச்சுக்கா. வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்" என்றார் அந்த நர்ஸ்.

கையைத் தூக்க வேண்டிய தேவையே வரவில்லை. பிரச்னை எதுவும் இல்லை என்று முடிவு அங்கேயே தெரிந்தது. வெளியே வந்த அக்கா, "இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு வருஷம் பயந்தேன்?" என்றார். அடுத்த வாரம் லைனில் தன் பக்கத்தில் வேலை பார்க்கும் தோழியை அழைத்துப் போகப் போகிறாராம்.