ஃப்ளாப்பியில் கோப்பு மட்டும் போதாது

சேலம், நாமக்கல் பக்கம் பழைய டிடிபி கடையில் ஃப்ளாப்பி கிடைச்சா, உள்ளே இருக்கிற கல்யாணப் பத்திரிகையை மட்டும் காப்பி எடுத்துட்டு விட்டுடாதீங்க. எழுத்துருவும் வேணும்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. பாமினியில் ‘அம்மா’ என்பது கோப்பில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினிக்கு மாற்றிகள் இருக்கு. பேர் தெரியாத எழுத்துரு தொலைஞ்சா அம்மாவும் போச்சு!

1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் மயிலை, டிஸ்கி வடிவங்களிலிருந்து யூனிகோடுக்கு வந்தன. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை கையில் இருந்ததால்தான் அது நடந்தது.

அதனால ஃப்ளாப்பியை அப்படியே முழு இமேஜா எடுங்க, 1.44 எம்பிதானே. முன்னாடியே ரைட் புரொடெக்ட் துளையைத் திறந்து வைங்க. விண்டோஸ் ‘ஃபார்மட் பண்ணட்டுமா’ன்னு கேட்டா, வேண்டாம்னு சொல்லுங்க.