உங்களுக்குத் தெரியுமா? கண்புரை அறுவையில் ஒரு வட்டம்
கண்புரை அறுவையில் மங்கிய லென்ஸை எடுக்க, அதை மூடியிருக்கும் மெல்லிய உறையின் முன்பக்கத்தைத் திறக்க வேண்டும். முன்பெல்லாம் ஊசிமுனையால் வட்டமாகப் பல துளைகள் குத்தித் திறப்பார்கள். விளிம்பு பிசிறுபிசிறாக நிற்கும். ஒரு பிசிறு பின்பக்கம் வரை கிழிந்து ஓடிவிட்டால் செயற்கை லென்ஸைப் பொருத்துவதே சிக்கலாகிவிடும்.

1980களில் கனடாவின் ஹோவர்ட் கிம்பெலும் ஜெர்மனியின் தாமஸ் நாய்ஹானும் தனித்தனியே வேறு வழி கண்டார்கள். உறையை ஓரிடத்தில் கீறி, அந்த மடலைப் பிடித்து, சுமார் 5 மி.மீ. அகல வட்டமாகத் தொடர்ந்து கிழிப்பது. பிசிறில்லாத விளிம்பு இழுத்தாலும் எளிதில் கிழியாது. அற்புதமான கைவேலை!

முற்றி வெளுத்த புரையில் உறை சரியாகத் தெரியாது. டிரிபான் நீலச் சாயம் ஏற்றிக் கிழிப்பார்கள். லேசர் இன்னும் துல்லியமாக வட்டம் போடும், செலவும் கூடும். ஆனால் பிரான்ஸிலும் பிரிட்டனிலும் நடந்த பெரிய ஆய்வுகளில், லேசரால் பார்வை கூடுதலாகத் தெளியவில்லை.