குழம்பில் காரம் எங்கே இருக்கிறது?

பதின்வயதினருக்கான மாயக்கதைகளில் எது நம் பிள்ளைக்கு ஒத்துவரும் என்பதைக் கடையின் அலமாரி சொல்லாது. சினிமாவுக்கு இருக்கும் தணிக்கைச் சான்றிதழ் புத்தகத்துக்கு இல்லை. வயதுப்பிரிவைப் பதிப்பகமே வைக்கிறது, மாற்றவும் செய்கிறது. சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015இல் இளையோர் நூலாக வந்தது. 2020இல் புது அட்டையோடு பெரியவர்கள் பிரிவுக்குப் போனது. உள்ளே கதை அதேதான்.

ஆகவே குழம்பைப் போல ருசி பார்த்தே தீர வேண்டும். மேலாக ஒரு கரண்டி போதாது, அடிவரை கிளறி எடுக்க வேண்டும். மாஸின் தொடரில் படுக்கையறைக் காட்சிகள் முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகத்தில்தான் வெளிப்படையானவை. முதல் ஐம்பது பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் இது தெரியவே தெரியாது.

அடுத்தது, மிளகாய் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பது. தாளிப்பில் போட்ட வற்றலை ஓரமாக ஒதுக்கலாம். அரைத்து ஊற்றியதைப் பிரிக்க முடியாது. 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) கதையில் படுக்கையறைக் காட்சி கிடையாது. ஆனால் 24 பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்ல அனுப்பப்படுகிறார்கள். ரூ என்ற 12 வயதுச் சிறுமி ஈட்டி பாய்ந்து சாகும் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படிக்கச் சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டாம் என்பேன்: அவள் உடலைக் கதாநாயகி காட்னிஸ் பூக்களால் அலங்கரிக்கும்போது அந்தச் சாவு வாசிப்பவரையும் வலிக்கச் செய்கிறது. அந்தக் காரம் உடம்புக்கு நல்லது.

எனக்குக் கவலை தருவது வேறு. மாஸின் முதல் பாகத்தில் ரைசாண்ட் என்பவன், கதாநாயகி ஃபேராவுக்கு மயக்கும் மதுவைக் கொடுத்து எல்லோர் முன்னும் ஆட வைக்கிறான். அடுத்த பாகத்தில் அவன்தான் காதலன். முன்பு அப்படிச் செய்ததற்கு அவன் சொல்லும் காரணங்களைக் கதையும் ஏற்றுக்கொள்கிறது. வெளிப்படையான காட்சியைவிட இதுதான் பதினான்கு வயது மனதில் ஊறும். "இவன் செய்தது சரியா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள், பிரசங்கம் வேண்டாம்.

வேகமும் முக்கியம். ஹாரி பாட்டரின் ஏழு பாகங்களும் வெளிவர 1997 முதல் 2007 வரை ஆனது. காத்திருந்த பிள்ளைகள் ஹாரியோடு வளர்ந்தார்கள். இன்று ஒரே கோடை விடுமுறையில் ஏழையும் முடிக்கிறார்கள். ஹாரியின் சக மாணவன் செட்ரிக் கொல்லப்படும் நான்காம் பாகத்தை ஒன்பது வயதில் எட்டிவிடும் பிள்ளைக்கு, அதற்கு முன் ஓராண்டு இடைவெளி விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.